திரும்பி வர வேண்டிய பதினோரு மான்கள்

குணசேகரன் மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் அருகம்புல் இருக்கும். பிள்ளையாருக்குக் கிள்ளி வைக்கும் நுனிப்புல் இல்லை. கணுவோடும் கொஞ்சம் வேரோடும் பிடுங்கிய தண்டுத் துண்டுகள். எங்கள் வீட்டுக்கு வந்தால் நேராக உள்ளே வர மாட்டார். வாசலில் வெறும் மண் எங்கே தெரிகிறது என்று பார்ப்பார். குனிந்து ஒரு துண்டை வைத்துக் கட்டை விரலால் அழுத்துவார். குழாயடியில் கை கழுவி, அந்த ஈரக் கையை அதன்மேல் உதறிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவார். பஸ் ஸ்டாப்பிலும் இதைச் செய்வார். செகந்திராபாத் ஸ்டேஷன் நடைமேடையில் சிமெண்ட் பெயர்ந்த ஓரத்தில் செய்ததை நானே பார்த்திருக்கிறேன். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலிருந்து பட்டம் வாங்கிய பிறகும் இது மாறவில்லை. “ஒருநாள் பாயில நட்டுடப் போறாரு அண்ணி, என் முதுகுல முளைக்கும் பாருங்க” என்று அவர் மனைவி மங்கையர்க்கரசி அத்தை என் அம்மாவிடம் சொல்வார்.

அம்மாவுக்கு அவர் கடைசித் தம்பி. தாத்தா அரக்கோணத்திலிருந்து வந்து லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பாய்லர் வேலை பார்த்தவர். அந்த வீட்டுப் பையன் ரயில்வேயை விட்டு வேறெங்கும் போவான் என்று யாரும் நினைக்கவில்லை. மாமா மெட்ரிக்கில் இரண்டு தடவை தோற்றார். 1964-இல், மௌலா அலி குன்றுக்குக் கிழக்கே புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஓர் அரசுத் தொழிற்சாலையின் தோட்டப் பிரிவில் சேர்ந்தார். “என் புள்ளை கவர்மெண்டுல புல்லு புடுங்கறான்” என்று தாத்தா எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்வாராம். மாமா கோபப்பட்டதில்லை. புடுங்குவது பாதி, நடுவது பாதி என்று மட்டும் திருத்துவாராம்.

தொழிற்சாலைக்குக் கிடைத்தது பாறையும் முட்புதரும் புல்லுமான பெரிய வெட்டவெளி. எல்லாவற்றுக்கும் முன்னால் சுற்றுச்சுவரைக் கட்டினார்கள். கடைசி இடைவெளியில் இரும்புக் கதவும் வைத்த பிறகுதான் உள்ளே ஒரு வெளிமான் கூட்டம் மேய்ந்துகொண்டிருப்பது கண்ணில் பட்டது. யாரும் அடைக்க நினைத்து அடைக்கவில்லை. முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக ஓர் ஆண். மற்றவை மண் நிறப் பெண் மான்களும் குட்டிகளும். அடர்ந்த காட்டில் ஒளிந்து வாழும் மான் இல்லை இது. எதிரியைத் தூரத்திலேயே பார்ப்பது, பார்த்ததும் ஓடுவது, இந்த இரண்டையும் நம்பித்தான் அது உயிர் பிழைக்கிறது. சுவருக்குள் ஓட இன்னும் இடம் இருந்ததால், அடைபட்டது அவற்றுக்குத் தெரியவில்லையோ என்னவோ.

கொஞ்ச நாளில் அவை ‘நம்ம ஃபேக்டரி மான்கள்’ ஆகிவிட்டன. காலண்டரில் படம் போட்டார்கள். டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்தால் ஜீப்பில் கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஷெட்டுகள் பெருகப் பெருக மான்கள் வடகிழக்கு மூலைக்கு ஒதுங்கின. அந்த மூலை மாமாவின் பொறுப்பில் இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரப்புவார். நாய் நுழையும் ஓட்டைகளை அடைப்பார். இதற்கென்று யாரும் அவருக்கு உத்தரவு கொடுத்ததில்லை. அவர் சூப்பர்வைசர் ஆனபோதும் தோட்டப் பிரிவின் வேலைகளில் மான் என்ற சொல்லே இல்லை.

மாமாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது புல்தான். நர்சரியிலிருந்து வாங்கிப் போட்ட புல்வெளிகள் ஒவ்வொரு மே மாதமும் கருகிப்போயின. மாமா வடகிழக்கு மூலையில் தானாகப் படர்ந்திருந்த அருகை, மான்கள் கடித்துக் கடித்துக் குட்டையாக்கி வைத்திருந்த அந்தப் புல்லை, பாளம் பாளமாக வெட்டி எடுத்தார். அவருடைய முறை எளிமையானது. சாயங்காலம் வெட்ட வேண்டும். தாய்மண் உதிராமல் எடுக்க வேண்டும். ஈரச் சாக்கால் மூட வேண்டும். நெருக்கி அடுக்க வேண்டும். இறக்கிய பிறகு யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. சுவருக்கு வெளியே கட்டிய விருந்தினர் மாளிகையின் முன்னால் இப்படிக் கொண்டுபோய்ப் போட்ட புல் ஒரு பாளம்கூடச் சாகவில்லை. எஸ்டேட் மேனேஜர் நாராயணஸ்வாமி செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து பார்த்தாராம்.

அதே நாராயணஸ்வாமிதான் 1983 நவம்பரில் மாமாவை அறைக்குக் கூப்பிட்டார். வடகிழக்கு மூலையில் புதிய பிரிவு வரப்போகிறது. டிசம்பர் முதல் வாரத்தில் காண்டிராக்டர் நிலத்தை எடுத்துக்கொள்வார். மான்களை நகருக்கு வெளியே ஒரு மான் பூங்காவில் ஏற்றுக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். மேலிட அனுமதியும் வந்துவிட்டது. வலைக்காரர்களும் வருவார்கள். மற்றதெல்லாம் தோட்டப் பிரிவு.

மாமா தயங்கியிருக்கிறார். இது தெரிந்தவர்கள் செய்ய வேண்டிய வேலை, கொஞ்சம் காலம் கொடுத்தால் விசாரிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.

“புல்லை அவ்வளவு அழகா மாத்தி வெச்சீரே, இதையும் அப்படியே பண்ணிடும்” என்றார் நாராயணஸ்வாமி. “நீர் பண்ணலேன்னா காண்டிராக்டர் பட்டாசு வெடிச்சு விரட்டுவான். அப்புறம் ரோட்டுல லாரி அடிச்சுச் சாகும். எது தேவலைன்னு நீரே சொல்லும்.”

மாமாவுக்கு வேறு வழி இல்லாமல் போனது இங்கேதான். அவர் கை விட்டால் அவை நிச்சயம் சாகும். கை வைத்தால் பிழைக்கலாம். பதினோரு மான்கள் இருந்தன.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது பி.எஸ்ஸி. கடைசி வருஷம், தாவரவியலும் விலங்கியலும். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். என் புத்தகங்களை மாமா எப்போதும் தூரத்திலிருந்தே பார்ப்பார். அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“வேதா, புல்லையும் மானையும் ரெண்டையும் படிக்கிற ஒரே ஆளு நீதான். புல்லைப் பேத்து நடறமே, அது ஏன் பொழைக்குது? அதே மாதிரி மானுக்கு இன்னா செய்யணும்? புஸ்தகத்துல இருக்குதா?”

புல்லைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது. அதன் வளரும் இடம் நுனியில் இல்லை, அடியில் இருக்கிறது; மேயும் வாய்க்கு எட்டாமல் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது. அதனால்தான் கடித்தாலும் வெட்டினாலும் மறுபடி வருகிறது. ஒவ்வொரு கணுவும் தனியாக ஒரு செடிதான். மானைப் பற்றி எனக்குத் தெரிந்தது அதன் வகைப்பாடு, வயிற்றின் நான்கு அறைகள், பற்களின் சூத்திரம். அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு உயிரோடு கொண்டுபோவது எப்படி என்று ஒரு பக்கத்திலும் இல்லை. மறுநாள் விலங்கியல் ஆசிரியையிடம் கேட்டேன். அது பாடத்திட்டத்தில் இல்லை, மிருகக்காட்சி சாலைக்காரர்களைக் கேள் என்றார். அதையும் வந்து மாமாவிடம் சொன்னேன்.

“தெரியாதுன்னு சொல்றதுக்கே இத்தினி புஸ்தகம் வேணுமா” என்று சிரித்தார். வருத்தப்படுத்தச் சொன்னதில்லை. பிறகு, தெரிந்ததை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றார்.

அவருக்குத் தெரிந்தது புல். அந்த மான்கள் பிறந்ததும் தின்றதும் படுத்ததும் அந்தப் புல்லின்மேல்தான். புல்லை எடுக்கும் விதமாகவே மானையும் எடுக்க முடிவு செய்தார். சாயங்காலம் பிடிப்பது. லாரித் தளம் முழுக்க அந்த மூலையின் மண்ணோடு வெட்டிய அருகம் பாளங்களைப் பரப்புவது, மண் வாசனை மாறாமல் இருக்கும். மேலே ஈரச் சாக்குப் பந்தல். ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நெருக்கிக் கிடத்துவது. அசையாமல் இருக்கப் பருத்தித் துணியால் காலைக் கட்டுவது. இதில் எந்த இடத்தில் தவறு என்று அன்று கேட்டிருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாமே அக்கறையாகத்தான் தெரிந்தது.

அன்று நடந்ததை எனக்குச் சொன்னது ஜுலைகா. தோட்டப் பிரிவில் மாமாவோடு இருபது வருஷமாக வேலை பார்த்தவர், மௌலா அலிக்காரர். வலைக்காரர்கள் துணி கட்டி வழி மறித்து மான்களை ஓட்டியிருக்கிறார்கள். சுவர் ஓரமாக அவை மூன்று சுற்று ஓடின. கூட்டத்தின் கறுப்பு ஆண் மான் எகிறிய எகிறில் வலைக்காரன் ஒருவன் தலைக்குமேல் கொம்பு போனது. இருட்டுவதற்குள் பதினொன்றும் பிடிபட்டன. ஒன்றுக்கும் காயம் இல்லை. கால் கட்டி, கண்ணில் துணி சுற்றி, பாளங்களின்மேல் கிடத்தினார்கள். புல்லை முகர்ந்துகொண்டு சத்தமே இல்லாமல் கிடந்தனவாம். அதைப் பார்த்து எல்லாருக்கும் நிம்மதி. மாமா சாக்கில் தண்ணீர் தெளித்தபடி, பிடித்துக்கொண்டது என்று சொன்னாராம். பாளம் வேர் விட்டால் அவர் சொல்லும் வார்த்தை அது.

லாரி கேட்டுக்கு வந்ததும் நிறுத்தினார்கள்.

தொழிற்சாலையிலிருந்து எது வெளியே போனாலும் கேட் பாஸ் வேண்டும். திரும்பி வராத பொருளுக்கு வெள்ளைத் தாள். அதில் மேனேஜர் கையெழுத்திட வேண்டும். ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரும் பொருளுக்கு ரோஸ் தாள். பிரிவு சூப்பர்வைசரே போடலாம். விருந்தினர் மாளிகைக்குப் போன புல்பாளங்கள்கூட வெள்ளைத் தாளில்தான் போயின. மானுக்கும் பாஸ் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மாமாவின் கையில் மேலிட அனுமதிக் கடிதம் இருந்தது. கேட் அதிகாரி சக்ரபாணி அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இது மானுக்கு அனுமதி, கேட்டுக்கு இல்லை என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். போன மாதம்தான் ஒரு செப்புச் சுருள் பாஸ் இல்லாமல் வெளியே போய், அவருக்கு முன்னால் இருந்தவர் சஸ்பெண்ட் ஆகியிருந்தார்.

நாராயணஸ்வாமி அன்று மத்தியானமே ஒரு கல்யாணத்துக்கு மதராஸ் ரயில் ஏறிவிட்டார். அவருக்குப் பதில் கையெழுத்துப் போடக்கூடியவரைத் தேடிக் காலனிக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வீட்டில் இல்லை. லாரி கேட்டில் நின்றது. ஷிஃப்ட் விடும் நேரம், சங்கு ஊதியது. இத்தனை வருஷம் தூரத்தில் கேட்ட சங்கு அன்று மான்களின் தலைக்குமேல் ஊதியது. சைக்கிள்காரர்கள் கூட்டமாக வந்து லாரியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். ஜுலைகா அவர்களை விரட்டியபடியே சக்ரபாணியிடம், “இவங்களுக்கும் நம்மள மாதிரி நௌக்ரி கொடுத்து கேட் கார்டு போட்டுடு சாப், அப்ப விடுவியா?” என்று கேட்டாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். மாமா மட்டும் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். கறுப்பு மானின் விலா எண்ண முடியாத வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு சக்ரபாணியே ஒரு வழி சொன்னார். “ரோஸ் தாள் இருக்கு இல்ல? திரும்பி வரும்னு எழுதிக் கையெழுத்துப் போடு. உன் கையெழுத்தே போதும். நான் கேட் திறக்கறேன்.”

மாமா எழுதினார். வெளிமான், எண்ணிக்கை பதினொன்று, திரும்பி வரும். கீழே கையெழுத்து. கேட் திறந்தது.

பூங்காவில் லாரியின் பின்கதவைத் திறந்தபோது நான்கு மான்கள் செத்திருந்தன, கறுப்பு மானையும் சேர்த்து. மீதியைக் கட்டவிழ்த்து விட்டபோது எழுந்து நின்றன. அதைப் பார்த்துத்தான் மாமா வீடு திரும்பினார். ஆனால் அவற்றில் ஆறு அடுத்தடுத்த நாள்களில் பின்னங்கால் மடங்கி விழுந்து ஒவ்வொன்றாகச் செத்தன. பூங்காவின் கால்நடை மருத்துவர் விளக்கினாராம். பயந்து ஓடிய உடம்பு சூடேறித் தசை கெட்டுப்போகிறது. கட்டிப்போட்டு அசையாமல் வைத்தால் பயம் குறையாது, உள்ளேயே வெந்துபோகும். சத்தம் போடாமல் கிடந்தது அமைதி இல்லை, அதுதான் பயம். பிடித்தவுடனே கொண்டுபோய் அவிழ்த்து விட்டிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும் என்றார். அதுகூட நிச்சயமில்லை என்றும் சொன்னார்.

புல்லுக்கு எதெல்லாம் நல்லதோ, நெருக்கமும் அசையாமையும் காத்திருப்பும், அதெல்லாம் மானுக்கு விஷம். இவ்வளவுதான் விஷயம். இதை இன்று ஒரே வரியில் எழுத முடிகிறது. இந்த வரியை அன்று மாமாவுக்குச் சொல்ல இந்த ஊரில் யாராவது இருந்தார்களா, இருந்திருந்தால் எங்கள் மாதிரி ஆட்கள் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பெண் மான் பிழைத்தது. ஏன் அது மட்டும் என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. மாமா மாதத்துக்கு ஒருமுறை போவார். ஒருதடவை நானும் போனேன். புள்ளிமான்களுக்கு நடுவில், கம்பி ஓரமாக, தனியாக நின்றுகொண்டிருந்தது. மாமா பழைய மூலையிலிருந்து கொண்டுவந்த ஒரு கைப்பிடி அருகை உள்ளே போட்டார். அது வந்து தின்றது. எங்களைப் பார்க்கவே இல்லை.

“புல்லை அடையாளம் தெரியுது” என்றார் மாமா. “என்னைத் தெரியல. அது வரைக்கும் நல்லது.”

இரண்டு வருஷம் கழித்து அதுவும் இல்லை.

இதற்குள் வடகிழக்கு மூலையில் என்ன நடந்தது என்றால், ஒன்றுமே நடக்கவில்லை. டிசம்பரில் காண்டிராக்டர் வந்து மேல்மண்ணைச் சுரண்டினார், எல்லைக் கல் நட்டார். டெல்லியிலிருந்து பணம் ஒதுக்கும் உத்தரவு வர வேண்டும், வரவில்லை. வேலை நின்றது. அடுத்த ஜூலையில் மழை பெய்ததும் சுரண்டிய இடமெல்லாம் அருகு தலை நீட்டியது. லாரிக்காக மாமா பாளம் வெட்டிய பள்ளங்களில்கூட ஓரத்திலிருந்து படர்ந்து மூடியது. மேய வாய் இல்லாததால் முன்பு பார்த்திராத உயரத்துக்கு வளர்ந்தது. எல்லைக் கற்கள் தெரியவில்லை என்று புகார் வந்து, மாமாவே ஆள் வைத்துச் சுரண்ட வேண்டியிருந்தது. சுரண்டினார்கள், வந்தது. மறுபடி சுரண்டினார்கள். அந்த நாள்களில் மாமா வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று அத்தை சொன்னார். இந்தப் புல்லின் குணத்தில் ஒரு பிடி மானுக்கும் கொடுத்திருக்கலாம் என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னாராம்.

1987-இல் விருப்ப ஓய்வு பெறும்போது பாக்கி எதுவும் இல்லை என்று எல்லாப் பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோரில் கொடுத்தார்கள், கேண்டீனில் கொடுத்தார்கள், நூலகத்தில் அவர் ஒரு புத்தகமும் எடுத்ததே இல்லை. கேட்டில் நிறுத்தினார்கள். அவர் பெயரில் ஒரு ரோஸ் தாள் முடிக்கப்படாமல் இருந்தது. பதினோரு மான்கள் வெளியே போயிருக்கின்றன, திரும்பி வரவில்லை.

நாராயணஸ்வாமி அதைக் கேட்டுச் சிரித்தார். அவரும் அந்த வருஷம் ஓய்வு பெறுகிறவர்தான். “திரும்பி வந்ததுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடும். மானை எண்ணிப் பார்க்க எவன் வரப்போறான்?”

மாமா வேண்டாம் என்றார். அப்படியானால் இயற்கையாக இறந்துவிட்டன என்று எழுதும், நான் ஒப்புதல் தருகிறேன் என்றார் நாராயணஸ்வாமி.

“இயற்கையா சாகலையே சார்.”

“அப்ப என்னதான் எழுதறது?”

“ஒண்ணும் எழுத வேணாம் சார். அது அப்படியே இருக்கட்டும். வாங்கினேன், திருப்பித் தரல. அதுதானே நடந்தது?”

அவரை விடுவித்தார்கள், ‘ஒரு இனம் நிலுவையில் உள்ளது’ என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பால் அவருக்கு எதுவும் நின்றுபோகவில்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. யாரும் கேட்காத பாக்கியை ஒரு மனிதர் ஏன் பிடிவாதமாகத் தன் பெயரில் வைத்துக்கொள்ள வேண்டும்? ஒரு வரி எழுதியிருந்தால் முடிந்திருக்கும். பிறகு நினைத்தேன்: அவை இருந்ததற்கும் போனதற்கும் அந்தத் தொழிற்சாலையில் இருந்த ஒரே சாட்சி அந்த ரோஸ் தாள்தான். அதையும் முடித்துவிட்டால் மான்கள் அங்கே இருக்கவே இல்லை என்றாகிவிடும். மாமா இப்படி யோசித்தாரா, இல்லை இது படித்தவள் கட்டும் விளக்கமா, எனக்கு உறுதியில்லை.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம், அதாவது போன வருஷம், மாரடைப்பில் மாமா போய்விட்டார். குடும்ப ஓய்வூதியத்துக்காக அத்தையோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வேலை முடிந்தது. கிளம்பும்போது அங்கிருந்த இளைஞர், கேட்டில் இன்னும் ஒரு இனம் நிற்கிறது என்று தயக்கமாகச் சொன்னார். அவர் புதிதாக வேலைக்கு வந்தவர், என் வயது இருக்கும். தள்ளுபடி செய்யலாம் என்று பார்த்தாராம். தள்ளுபடி செய்ய அது தொழிற்சாலையின் சொத்தாக இருக்க வேண்டும். எந்தச் சொத்துப் பட்டியலிலும் மான் இல்லை. சொத்தே இல்லாததைத் தள்ளுபடி செய்ய முடியாது. திரும்பி வர வேண்டும், அல்லது அப்படியே இருக்கும்.

“யாருக்குத் தரணுமாம்?” என்று அத்தை என்னிடம் கேட்டார். “இவங்களுதும் இல்லன்றாங்களே. நீ படிச்சவ, கேட்டுச் சொல்லு.”

நான் அந்த இளைஞரைப் பார்த்தேன். அவர் அந்த ரோஸ் தாளை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். வெளிமான், எண்ணிக்கை பதினொன்று. திரும்பி வந்த தேதி என்ற இடம் காலியாக இருந்தது.